சுழிப்பிழை

மிருதுளா அன்று காலையில் நாற்பத்தோராவது முறையாக விழுந்தாள்.

ஓடிவந்த வேகத்தில் இடது காலின் முனையைப் பனியில் குத்தி எம்பினாள். கைகளை நெஞ்சோடு சேர்த்து இறுக்கிக்கொண்டு காற்றில் ஐந்து முறை சுழன்றாள். வலது சறுக்குக் காலணியின் பிளேடு பனியைத் தொட்டது. அடுத்த கணம் இடுப்பு தரையில் மோத, மல்லாந்தபடியே பத்தடி வழுக்கிக்கொண்டு போய்த் தடுப்புப் பலகையில் இடித்து நின்றாள். படுத்த வாக்கில் தலையைத் தூக்கி, "எத்தனை மிஸ்?" என்று கத்தினாள்.

"அஞ்சு முழுசு. ஆறு மார்க்கு," என்றாள் பயிற்சியாளர் ரங்கநாயகி. "எந்திரி கண்ணு, அடுத்தது."

பெண் எழுந்து பின்பக்கத்துப் பனித்தூளைத் தட்டிவிட்டுக்கொண்டு சிரித்தபடியே போனாள்.

தடுப்புக்கு வெளியே மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்த சுடரொளி திரையைப் பார்த்தாள். விழுந்த வேகத்துக்கு அந்த இடுப்பெலும்பு விரிசல் விட்டிருக்க வேண்டும். ஒன்றும் ஆகவில்லை. தோலுக்கடியில் இருந்த பஞ்சு மோதும் கணத்தில் கல்லாக இறுகி, அடியை வாங்கி, மறுபடி இளகிவிட்டது. பக்கத்து நரம்புகளையும் அரை நிமிடம் ஊமையாக்கிவிட்டது. அதை விற்கும் நிறுவனம் வைத்த பெயர் வேறு. கோயம்புத்தூரின் இந்த ஐஸ் அரங்கில் பிள்ளைகள் வைத்த பெயர் பஞ்சு. அதைச் செய்தவள் சுடரொளி. குளியலறையில் வழுக்கி விழும் வயதானவர்களுக்காகச் செய்தாள். ஆராய்ச்சிப் பட்டத்துக்கான வேலை அது. முதியவர்கள் வாங்கியதைவிட நூறு மடங்கு சறுக்குப் பயிற்சியாளர்கள் வாங்கினார்கள்.

அவள் இங்கு வந்து மூன்று நாள் ஆகிறது. யாரிடமும் முதலில் பேச்சுக் கொடுக்கும் பழக்கம் அவளுக்கு இல்லை. ஒரு கேள்வியை மூன்று நாளாக வாயிலேயே வைத்திருந்தாள். இப்போது கேட்டாள்.

"மிஸ், அவங்க நிக்க வேண்டாமா?"

"எதுக்குங்க?" என்றாள் ரங்கநாயகி.

நிற்பதற்குக் காரணம் வேண்டும் என்று சுடரொளி யோசித்ததில்லை.

"அம்மிணி, கணக்கு ரொம்ப சுலபமுங்க." ரங்கநாயகி தடுப்பில் முழங்கையை ஊன்றிக்கொண்டாள். நாற்பத்து மூன்று வயது, ஆறு வயதிலிருந்து பிளேடின் மேல் இருப்பவள். "மூணு சுத்து சுத்திப் பிசகாம நின்னா அஞ்சு மார்க்கு. அஞ்சு சுத்து சுத்தி நின்னாப் பதினாலு. ஆனா இந்த நாட்டுல இன்னும் ஒருத்தரும் நிக்கலைங்க. அஞ்சு சுத்தி விழுந்தா? பதினாலுல பாதி ஏழு. விழுந்ததுக்கு ஒண்ணைக் கழிங்க, ஆறு. நின்னா அஞ்சு, விழுந்தா ஆறு. நீங்க படிச்சவங்க, சொல்லுங்க, எது வேணும்?"

"விழுந்ததுக்கு ஏன் பாதி கொடுக்கறாங்க?"

"காத்துல அஞ்சு சுத்தும் சுத்தியாச்சில்லீங்க. மெசின் அதைத்தான் பாக்குது. பிளேடு ஐஸைத் தொடறப்பச் சுத்து முடிஞ்சிருக்கோணும். தொட்டதுக்கப்புறம் நின்னா என்ன, படுத்தா என்ன." அவள் விரலை உயர்த்தினாள். "ஆனா ஒண்ணு. பயந்துக்கிட்டுக் கையை முன்னாலயே விரிச்சிரக் கூடாது. விரிச்சா வேகம் கொறஞ்சுரும், அஞ்சு முடியாது. அப்படி நின்னா மூணு மார்க்கு. அப்படி விழுந்தா ஒண்ணுமே இல்லை."

கையை விரித்தால் சுழற்சி குறையும் என்பது சுடரொளி பதினொன்றாம் வகுப்பில் படித்ததுதான். ஆனால் கையை விரிக்காமல் யாராலும் நிற்கவும் முடியாது. அதாவது இந்தப் பெண்ணுக்கு ஐந்து சுற்று என்றால் விழுவது என்று பொருள்.

"மூணு சுத்து சுத்தி நிக்கச் சொல்லிக் கொடுத்திருக்கலாமே?"

"நிக்கறதுக்கே தனியா நாலு வருசம் ஆகுமுங்க. இவ பத்து வயசுல வந்தா. இப்பப் பதினாலு. அடுத்த வருசம் இடுப்பு அகலமாயிரும், அப்புறம் அஞ்சு சுத்து கனவுலதான். என்ற கையில இருந்தது நாலே வருசம். சுத்த மட்டும் சொல்லிக் குடுத்தேன்."

"அப்ப அவளுக்கு நிக்கவே தெரியாதா?"

"பஸ் ஸ்டாப்புல நிப்பாளுங்க," என்று சொல்லிவிட்டு ரங்கநாயகி தன் பேச்சுக்குத் தானே விழுந்து விழுந்து சிரித்தாள்.

பன்னிரண்டு நாளில் தேர்வுப் போட்டி. தாவல் மட்டும்தான், இசை, நடனம் எதுவும் கிடையாது, ஒருத்திக்கு ஏழு தாவல். முதலில் வருபவள் உலக இளையோர் போட்டிக்குப் போவாள். மிருதுளாவுக்கு அடுத்த வருடம் என்று ஒன்று இல்லை. அதை அரங்கில் எல்லோரும் அவள் காதுபடவே சொன்னார்கள். அவளும் வீட்டுப்பாடம் ஒப்பிப்பதுபோல அதைச் சொன்னாள்.

*

சுடரொளி வந்ததற்குக் காரணம் கோமதிநாயகம். பனி விளையாட்டுச் சங்கத்தின் செயலாளர். திருநெல்வேலிக்காரர். திங்கட்கிழமை அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்காரவைத்து, தானே எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"போன வருசம் பைனல் பாத்தியாம்மா? ஜெயிச்ச பிள்ள ஏழு தாவலுக்கு ஏழு தடவ விழுந்தா. ரெண்டாவது வந்தவ ஆறு தடவ. அரங்கம் பூரா சிரிச்சிட்டு. சின்னப் பிள்ளைய எல்லாம் அடுத்தது எப்ப விழும்னு எண்ணுது. அடுத்த வருசம் எவனாவது டிக்கெட் வாங்குவானா?"

"மார்க்கை மாத்திடலாமே சார்," என்றாள் சுடரொளி, மேசையைப் பார்த்துக்கொண்டு.

"மார்க்குப் பட்டியல் உலக சம்மேளனத்துக் கையிலல்லா இருக்கு. பெரிய நாடெல்லாம் அஞ்சு சுத்துப் பிள்ளைகள நூத்துக்கணக்குல வளத்து வச்சிருக்கான். மாத்த விடுவானா? உன் பஞ்ச எடுத்துப்போடச் சொல்லலாம்னா, அது சதையோட வளந்துபோச்சு."

அது உண்மை. எடுக்க முடியாதபடிதான் அவள் செய்திருந்தாள். அப்போது அதைச் சிறப்பம்சம் என்று எழுதியிருந்தாள்.

கோமதிநாயகம் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "விதி எழுதுனவன் முட்டாள் இல்ல, கேட்டியா. விழுந்தா வலிக்கும்னு நம்பி எழுதினான். தண்டனைல பாதிய மார்க்குல வச்சான். மீதிப் பாதிய ஐஸ் பாத்துக்கிடும்னு விட்டுட்டான். நீ வந்து ஐஸோட வாயக் கட்டிட்ட."

அவர் மேசைமேல் குனிந்தார்.

"வலிய மட்டும் திருப்பிக் குடு. எலும்பு உடையக் கூடாது, ரத்தம் கட்டக் கூடாது. வலி மட்டும். போட்டி அன்னைக்கு மட்டும். இதவிட மனிதாபிமானமா எவனாவது யோசிச்சிருக்கானா சொல்லு."

செய்யக்கூடியதுதான். நரம்பை ஊமையாக்கத் தெரிந்த பஞ்சுக்கு நரம்பைப் பேசவைக்கவும் தெரியும். நிரலில் இரண்டு வரி. அவள் முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தாள். அவளுடைய முடியாதுகள் பெரும்பாலும் தொண்டையைத் தாண்டுவதில்லை. "எவ்வளவு வலி சார்?" என்று வந்தது.

"அதான் கேள்வி!" அவர் முகம் மலர்ந்துவிட்டது. "பழைய வலி. பஞ்சு வரதுக்கு முந்தி எவ்வளவு வலிச்சிதோ, அவ்வளவு. கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். நியாயம்தானே?"

*

பழைய வலியை அளக்க, பஞ்சு போடாமல் விழுகிறவர் ஒருவர் வேண்டும். அரங்கத்தில் அப்படி இருந்தது ரங்கநாயகி ஒருத்திதான்.

வியாழக்கிழமை மதியம் பிள்ளைகளை அனுப்பிவிட்டு, அவள் இடுப்பிலும் முதுகுத்தண்டின் அடியிலும் சுடரொளி உணரிகளை ஒட்டினாள்.

"கூச்சமா இருக்குதுங்க அம்மிணி. உங்களுக்கு என்னங்க இத்தனை பயம்? விழப்போறது நான்."

"அஞ்சு சுத்து வேண்டாம் மிஸ். அந்த உயரத்துக்கு எம்பி, அந்த வேகத்துல விழுந்தாப் போதும்."

"விழறதுக்கு எனக்குச் சொல்லித் தரோணுமாக்கும்."

பதினொரு முறை விழுந்தாள். ஒவ்வொரு முறையும் பனியில் எலும்பு மோதும் சத்தம் காலி அரங்கத்தின் தகரக் கூரை வரை போய்த் திரும்பியது. சுடரொளி ஒவ்வொரு முறையும் கண்ணை மூடிக்கொண்டாள். ரங்கநாயகி ஒவ்வொரு முறையும் எழுந்து இடுப்பைத் தேய்த்துக்கொண்டு, "குறிச்சிட்டீங்களா?" என்று கேட்டாள்.

"பத்துக்கு எத்தனை மிஸ்? வலி இல்லேன்னா பூஜ்யம், தாங்கவே முடியலேன்னா பத்து."

"இதெல்லாம் ஒரு வலியாங்க? மூணரை போட்டுக்குங்க. போனாப் போகுது, மூணரை."

நரம்புக் குறிப்பின் சராசரி நாற்பது அலகு வந்தது. நாற்பது என்றால் மூன்றரை. மூன்றரைதான். தாங்கக்கூடியதுதான். ஐந்து சுற்று விழுதலுக்கு நேரே நாற்பது என்று பட்டியலில் எழுதினாள்.

ஆனாலும் பிள்ளைகளிடம் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பார்த்துவிடலாம் என்று கோமதிநாயகத்தைத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்டாள்.

"பயிற்சில குடுத்தாப் பழகிருவாளுகம்மா. பழகிட்டா அது என்ன தண்டனை? எழுதிக்க: பயிற்சில விழுந்தா வலிக்கக் கூடாது. போட்டில மட்டும். இன்னொன்னும் எழுது. பாதியில யாருக்காவது நிறுத்தினா, அவ விழுந்து வாங்கின மார்க்கு அத்தனையும் பூஜ்யம். இல்லேன்னா அழுது அழுது நிறுத்தச் சொல்லுவாளுக."

இரண்டையும் எழுதினாள். மிருதுளாவின் அம்மா ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

போட்டிக்கு முந்தின தினம் மிருதுளா பழச்சாறு டப்பாவை உறிஞ்சிக்கொண்டே வந்து சுடரொளியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அக்கா, அது எப்படி வலிக்கும்? காது குத்தினாங்களே, அப்படியா? இல்ல வயித்து வலி மாதிரியா?"

"தெரியலை. நான் விழுந்ததில்லை."

"விழாமலேயா பஞ்சு கண்டுபுடிச்சீங்க!" பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "மிஸ் எறும்பு கடிச்ச மாதிரின்னாங்க. கட்டெறும்பா சிவப்பெறும்பான்னு கேட்டேன். ஓடிப்போடின்னுட்டாங்க."

*

அரங்கு நிறைந்திருந்தது. சிரிக்க வந்தவர்கள்தான் அதிகம்.

நடுவர்களுக்குப் பின்னால் சுடரொளிக்கு ஒரு சின்ன மேசை. அவள் முன்னால் இருந்த பலகைக் கணினியில் பெயர்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே சிவப்பில் ஒரு வட்டம். தொட்டால் அந்தப் பெண்ணின் பஞ்சு பழையபடி ஊமையாகிவிடும்.

முதலில் ராயபுரத்திலிருந்து வந்த பர்வீன் இறங்கினாள். பதினாறு வயது. மூன்று சுற்று, ஏழு முறை, ஏழு முறையும் நின்றாள். ஏழைந்து முப்பத்தைந்து. கைதட்டல் பெரிதாக இல்லை. யாரும் விழாததில் சிலருக்கு ஏமாற்றம்.

அடுத்தது மிருதுளா. ஐந்து சுற்றுக்காரிகளில் முதலில் இறங்கியவள் அவள்தான். மீதி நான்கு பேரும் நுழைவாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஓடினாள். எம்பினாள். ஐந்து சுற்று. விழுந்தாள்.

கத்தவில்லை. தண்ணீர் குடிக்கும்போது புரையேறியதுபோல ஒரு சின்னச் சத்தம் வந்தது. அவ்வளவுதான். வழுக்கிக்கொண்டு போய் நின்ற இடத்தில் அப்படியே கிடந்தாள். முழங்கால் வயிற்றோடு ஒட்டியிருந்தது. கூட்டத்தில் ஆரம்பித்த சிரிப்பு பாதியில் நின்றுபோயிற்று.

சுடரொளி திரையைப் பார்த்தாள். நாற்பது. எழுதியது எழுதியபடி. ஒரு அலகு கூடவில்லை, குறையவில்லை.

மூன்று நொடி. நான்கு நொடி.

பள்ளிக்கூட ஆய்வகத்தில் வெர்னியர் அளவுகோலைக் கையில் கொடுக்கும்போது ஆசிரியை கேட்கும் முதல் கேள்வி அவள் காதில் கேட்டது. சுழிப்பிழை பார்த்தாயா? பொருளை வைக்கும் முன்பு தாடைகளைச் சும்மா மூடிப் பார்க்க வேண்டும். சுழி சுழியில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். பழைய அளவுகோல்களில் நிற்காது. தேய்ந்து தள்ளிப்போயிருக்கும்.

ரங்கநாயகி முப்பத்தேழு வருடமாக விழுந்தவள். நரம்பு அனுப்புகிற செய்தி ஒன்று, மூளை அதை வாசிக்கிற விதம் வேறு. அவள் மூளை அந்தச் செய்தியைப் பாதி வாசித்து மடித்து வைக்கப் பழகியிருந்தது. நாற்பது அனுப்பினால் மூன்றரை என்று வாசிக்க அவளால்தான் முடியும். இந்தப் பெண்ணுக்கு விழுவதென்றால் வலி என்பதே இன்றைக்குத்தான் முதல் பாடம். தாடையை மூடிப் பார்க்காமல் அளந்துவிட்டாள் சுடரொளி. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகூடச் செய்யாத தவறு.

எட்டு நொடி. அவள் விரல் சிவப்பு வட்டத்தின் மேல் போயிருந்தது.

"நிறுத்திராதீங்க அம்மிணி!" ரங்கநாயகி தடுப்பைச் சுற்றி ஓடிவந்து மேசையைப் பிடித்துக்கொண்டாள். "நிறுத்துனா பூஜ்யமுங்க!"

"மிஸ், நான் தப்பா அளந்துட்டேன். உங்களுக்குத்தான் அது மூணரை. அவளுக்கு இல்லை."

"அவளுக்கு எத்தனைங்க?"

"தெரியலை. பத்து. பத்துக்கும் மேலயோ என்னவோ."

ரங்கநாயகி திரும்பிப் பனியைப் பார்த்தாள். மிருதுளா இரண்டு கையையும் ஊன்றி எழ முயன்றுகொண்டிருந்தாள். ரங்கநாயகியின் உதடுகள் லேசாக அசைந்தன. கணக்குப் போடுகிறாள் என்று சுடரொளிக்குப் புரிந்தது.

"இன்னும் ஆறு தடவைதானுங்க," என்றாள்.

மிருதுளா எழுந்து நின்றாள். இருவரையும் பார்த்தாள். சுடரொளியின் விரல் எங்கே இருக்கிறது என்று பார்த்தாள். தலையை இடமும் வலமும் ஆட்டினாள். வேண்டாம்.

சுடரொளி கையை எடுத்துவிட்டாள். அந்தப் பெண்ணே சொல்லிவிட்டாள் என்று பிறகு தனக்குத்தானே பலமுறை சொல்லிக்கொண்டாள். அந்தக் கணத்தில் அவளுக்கு இருந்தது இரக்கம் அல்ல. தன் பொறுப்பை வேறொருத்தி வாங்கிக்கொண்ட நிம்மதி.

இரண்டாவது முறை விழுந்தபோது மிருதுளா கையுறையைக் கடித்துக்கொண்டாள். மூன்றாவது முறைக்குப் பிறகு தடுப்போரம் போய் வாந்தியெடுத்தாள். விதிப்படி முப்பது நொடி கொடுத்தார்கள். ஒரு பணியாளர் வந்து வாளித் தண்ணீர் ஊற்றிப் பனியைச் சரிசெய்தார். கூட்டத்தில் ஓர் அம்மா தன் பிள்ளையின் கண்ணைப் பொத்தினாள். நான்காவது முறை விழுந்து அவள் எழுந்தபோது எங்கிருந்தோ ஒருவர் கைதட்டினார். பிறகு எல்லோரும் தட்டினார்கள். எழுந்து நின்று தட்டினார்கள். போன வருடம் சிரித்தவர்கள்தான். நாலாறு இருபத்துநாலு என்று பலகையில் வந்தது.

ஐந்தாவது தாவலுக்கு ஓடினாள். எம்பினாள். கைகள் நெஞ்சோடு இறுகியிருந்தன. நான்காவது சுற்று முடியும் முன்பே முழங்கைகள் விலகின. யாரோ பிடித்து இழுத்ததுபோலக் கைகள் இரண்டு பக்கமும் விரிந்தன.

பிளேடு பனியைத் தொட்டது. மிருதுளா நின்றாள்.

ஒற்றைக் காலில், இன்னொரு கால் பின்னால் நீண்டிருக்க, பின்னோக்கி வளைந்து வழுக்கிக்கொண்டே போனாள். குனிந்து தன் காலை, அது யாருடையது என்று கேட்பதுபோலப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்தாள். முகம் முழுக்கச் சிரிப்பு. அரங்கம் அலறியது. வாழ்நாளில் கூட்டத்தில் குரலெழுப்பியிராத சுடரொளி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து ஏதோ கத்தினாள்.

பலகையில் மூன்று என்று வந்தது.

கூட்டத்துக்குப் புரியவில்லை. ஊளையிட்டார்கள். ரங்கநாயகிக்குப் புரிந்தது. "கையை இறுக்குடி!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். "விரிக்காத! இறுக்கு!"

மிருதுளாவின் சிரிப்பு போயிற்று. பலகையைப் பார்த்தாள். தலையாட்டினாள்.

ஆறாவது தாவல். கைகள் விரிந்தன. நின்றாள். மூன்று.

ஏழாவதற்கு முன் இரண்டு கைகளாலும் எதிர்ப்பக்கச் சட்டைத் துணியைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். விரல் முட்டிகள் வெளுத்திருந்தன. அப்படியே ஓடி அப்படியே எம்பினாள். நடுக்காற்றில் துணி கிழிந்தது. நின்றாள். மூன்று.

இருபத்துநாலும் ஒன்பதும் முப்பத்து மூன்று. பர்வீனுக்கு முப்பத்தைந்து.

மிருதுளா தடுப்புக்கு வந்தாள். கிழிந்த சட்டைத் துணி தொங்கிக்கொண்டிருந்தது. ரங்கநாயகி அவள் தோள்களைப் பிடித்தாள்.

"ஏண்டி நின்ன?"

"நான் நிக்கலை மிஸ்," என்றாள் பெண். "அதுவா நிக்குது."

அடுத்து நான்கு பெயர்களை வரிசையாகக் கூப்பிட்டார்கள். நுழைவாசலில் யாரும் இல்லை.

*

கோமதிநாயகம் மேசைக்கே வந்து சுடரொளியின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"நாலு வருசம் வேணும் நாலு வருசம் வேணும்னாங்க. நாலு தடவ வலிச்சிது, பிள்ள தானா நிக்கப் படிச்சிட்டா! பாத்தியா? நாற்பதுங்கற எண்ண இன்னைக்கே சம்மேளனத்துக்கு அனுப்புதேன். உலகம் பூரா நம்ம நாற்பதுதான்."

"சார், அந்த நாற்பது தப்பு."

"தப்பா?" அவர் உண்மையாகவே குழம்பிப்போனார். "வேலை செய்யுதேம்மா."

அவர் போனதும் சுடரொளி உடைமாற்றும் அறைக்கு நடந்தாள். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். உள்ளே மிருதுளா மட்டும் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு காலின் காலணிக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். இன்னொரு பாதம் வெறுமையாக, ஈரமாக இருந்தது. இடுப்புப் பட்டையைக் கொஞ்சம் இறக்கிவிட்டிருந்தாள். அங்கே தோல் சுத்தமாக இருந்தது. ஒரு கீறல் இல்லை, ஒரு சிவப்பு இல்லை. யாரிடமாவது காட்டி அழ அவளிடம் எதுவும் இல்லை.

"நான் அதை நிறுத்தியிருக்கணும்," என்றாள் சுடரொளி.

"நிறுத்தியிருந்தா சைபராயிருக்கும் அக்கா."

"நான் எழுதப்போறேன். நாற்பதைக் குறைக்கச் சொல்லி. நாலாக்கிடலாம். அவர் கேக்கலேன்னா நானே நேரா சம்மேளனத்துக்கு..."

"குறைக்காதீங்க."

சுடரொளி அவளைப் பார்த்தாள்.

"குறைச்சா அந்த நாலு பேரும் வந்துருவாங்க. இப்போ அஞ்சு சுத்துக்கு யாரும் வரமாட்டாங்க. நான் மட்டும்தான்." மிருதுளா கயிற்றின் முடிச்சைப் பல்லால் கடித்து இளக்கினாள். "மிஸ் சொன்னாங்க, மூணு வாரத்துல மாற்று ஆளா போறதுக்கு இன்னொரு போட்டி இருக்காம். எனக்கு வலி பரவாயில்லைக்கா. கெட்ட வலிதான். ஆனா பரவாயில்லை. நின்னதுதான் கெடுத்துருச்சு. ரெண்டே ரெண்டு மார்க்கு."

வெளியே ஒலிபெருக்கியில் பர்வீனின் பெயரை அறிவித்தார்கள். பெண் அது முடியும்வரை தலையைச் சாய்த்துக் கேட்டாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அக்கா, பஞ்சு கணுக்கால்ல போடலாமா?"

"எதுக்கு?"

"நின்னா வலிக்கிற மாதிரி. விழறதைவிடக் கொஞ்சம் கூட. மூணு வாரம் தினம் போட்டுக்கிட்டா, அப்புறம் அதுவா நிக்காதில்ல?"

சுடரொளி பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"போட்டில வேண்டாம். ப்ராக்டிஸ்ல மட்டும். நான் விதியைப் படிச்சுட்டேன். ப்ராக்டிஸ்ல விழுந்தா வலிக்கக் கூடாதுன்னுதான் போட்டிருக்கு. நின்னா வலிக்கக் கூடாதுன்னு எங்கயும் போடலை." அவள் நிமிர்ந்து பார்த்தாள். பரீட்சை முடிந்து விடையைச் சரிபார்க்கும் பிள்ளையின் முகம் அது. "முடியுமா முடியாதாக்கா?"

கணுக்காலில் சதை குறைவு. மெல்லிய படலமாகத்தான் போட முடியும். ஆனால் நரம்பு தோலுக்கு மிக அருகில் ஓடுகிறது, குறைந்த அளவே போதும். அழுத்தம் ஒரே இடத்தில் அரை நொடிக்கு மேல் இருந்தால் நிற்கிறாள் என்று பொருள். பிரித்தறிவது கடினமில்லை. இவையெல்லாம் சுடரொளியின் தலைக்குள் அவளைக் கேட்காமலே வரிசையாக வந்து நின்றன.

"முடியும்," என்றாள். அது உண்மை.

மிருதுளா தன் வெறும் பாதத்தைத் தூக்கி அவள் மடியில் வைத்தாள். ஐஸில் கிடந்த மீன்போலச் சில்லென்றிருந்தது. கணுக்கால் எலும்புக்குக் கீழே ஓரிடத்தை விரலால் தொட்டுக் காட்டினாள்.

"இங்க போடுங்க அக்கா. இங்கன்னா, காலை ஊனறதுக்கு முன்னாடியே வலிக்கும்னு அதுக்குத் தெரிஞ்சுரும்."